கொரியா ஒன்று சேர்ந்தால் யாலு ஆற்றங்கரையில் யார் நிற்பது?

தக்கலை வாசகர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தக்கலையில் எங்கள் வாசகர் வட்டத்தில் வரும் ஞாயிறு பேசப்போகும் பொருள், இரண்டு கொரியாக்களும் இணைந்தால் சீனா, அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான் இவற்றின் உறவு என்ன ஆகும் என்பது. பத்திரிகையில் வாசிப்பதெல்லாம் "சீனா விரும்பாது, அமெரிக்கா விரும்பும்" என்று இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. அதற்குள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனி 1990ல் ஒரே வருடத்துக்குள் இணைந்தது. வல்லரசுகள் நான்கும் கையெழுத்துப் போட்டன. அந்த வழி கொரியாவுக்கு ஏன் சரிப்படாது? தெற்கே இருக்கும் 28,500 அமெரிக்க வீரர்கள் இணைப்புக்குப் பிறகு எங்கே போவார்கள்? வடக்கின் அணுகுண்டு யார் கைக்குப் போகும்? இன்னொன்று. 1956ல் நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்ததை இதோடு ஒப்பிட்டுப் பேசலாம் என்று வட்டத்தில் ஒருவர் சொல்கிறார். அது பொருந்துமா, இல்லை மேடைக்கு மட்டும் உதவுமா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் வருவார்கள், அதனால் ஆண்டு, எண் எல்லாம் சரியாகச் சொல்லித் தாருங்கள்.

வடசேரி நூலகர்:

ஜெர்மனியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் அதுதான். 1945ல் தோற்ற ஜெர்மனியின் மேல் அமெரிக்கா, சோவியத், பிரிட்டன், பிரான்ஸ் நான்குக்கும் சட்டப்படியான உரிமை இருந்தது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கத்தான் 1990 செப்டம்பர் 12ல் மாஸ்கோவில் "இரண்டு கூட்டல் நான்கு" ஒப்பந்தம் கையெழுத்தானது. யார் யார் மேசையில் உட்கார வேண்டும் என்பதில் அங்கே சண்டையே இல்லை. கொரியாவில் எந்த வல்லரசுக்கும் அப்படி ஒரு உரிமை கிடையாது.

இருப்பது 1953 ஜூலை 27ன் போர்நிறுத்த உடன்பாடு மட்டும். அதில் கையெழுத்திட்டவை மூன்று தரப்பு: அமெரிக்கத் தளபதியின் தலைமையிலான ஐ.நா. படை, வடகொரிய ராணுவம், சீனத் தன்னார்வப் படை. தென்கொரியா கையெழுத்திடவில்லை. ரஷ்யாவும் ஜப்பானும் அந்தத் தாளில் இல்லவே இல்லை. அப்படியானால் அதை சமாதான ஒப்பந்தமாக மாற்ற யார் யாரைக் கூப்பிடுவது? முதல் தகராறே இங்கேதான். 1997 முதல் 1999 வரை இரண்டு கொரியா, அமெரிக்கா, சீனா என நான்கு தரப்பாக ஜெனீவாவில் பேசிப் பார்த்தார்கள். 2003ல் ரஷ்யாவையும் ஜப்பானையும் சேர்த்து ஆறு தரப்பாக்கினார்கள். இரண்டுமே கரை சேரவில்லை.

அடுத்தது படை. அமெரிக்க-தென்கொரியப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1953 அக்டோபர் 1ல். அதன் 3வது பிரிவைப் பிள்ளைகள் கட்டாயம் வாசிக்க வேண்டும். இப்போது ஆட்சிக்குள் இருக்கும் நிலப்பரப்போடு, இனிமேல் சட்டப்படி ஆட்சிக்குள் வந்ததாக மற்ற தரப்பு ஏற்றுக்கொள்ளும் நிலப்பரப்புக்கும் அது பொருந்தும். ஆக, சியோல் வடக்கை எடுத்துக்கொண்டு வாஷிங்டன் அதை ஏற்றால், ஒரு எழுத்துகூட மாற்றாமல் அமெரிக்காவின் பாதுகாப்புக் கடமை சீன எல்லையான யாலு ஆறு வரை நீண்டுவிடும். சீனா 1950ல் எதற்காகப் போருக்கு வந்ததோ அதே நிலை. அந்த அக்டோபரில் ஐ.நா. படை இரண்டு கொரியாக்களின் அன்றைய எல்லையான 38வது அட்சரேகையைத் தாண்டி வடக்கே ஏறியது, 19ஆம் தேதி சீனப் படை யாலுவைக் கடந்து இறங்கியது.

பலரும் சொல்லும் சமரசம் இதுதான்: கூட்டணி இருக்கட்டும், ஆனால் அமெரிக்கப் படை பழைய எல்லைக்கோட்டுக்குத் தெற்கிலேயே நிற்கட்டும், வடக்கே கொரியப் படை மட்டும் போகட்டும். இதற்கு ஜெர்மனியில் முன்மாதிரி உண்டு. முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் வெளிநாட்டுப் படையும் அணு ஆயுதமும் நிறுத்துவதில்லை, ஜெர்மன் ராணுவம் 3,70,000 பேரைத் தாண்டாது என்று 1990 ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். பெரிய அமெரிக்கத் தளமான ஹம்ஃப்ரீஸ் முகாமும் ஏற்கெனவே சியோலுக்குத் தெற்கே பியோங்டேக்கில்தான் இருக்கிறது. தாளில் பார்க்கச் சுலபம்.

ஆனால் இரண்டு இடத்தில் சிக்கும். ஒன்று, வாய்மொழி. 1990 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பேக்கர், நேட்டோ கிழக்கே "ஒரு அங்குலம்கூட" நகராது என்று சோவியத் தலைவர் கோர்பச்சேவிடம் பேசியது எந்த ஒப்பந்தத்திலும் ஏறவில்லை. அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. அதைப் பார்த்த பெய்ஜிங் எழுத்தில் இல்லாத எதையும் நம்பாது. இரண்டாவது, ராடார். 2017ல் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு வைத்தது தென்கொரியாவின் உட்பகுதியான சோங்ஜுவில், லோட்டே நிறுவனம் கொடுத்த கோல்ஃப் மைதானத்தில். எல்லைக்கோட்டுக்கு வெகு தெற்கே. அப்படியும் அதன் ராடார் தன் நிலத்துக்குள் எட்டிப் பார்க்கிறது என்று சொல்லி, சீனா லோட்டேயின் கடைகளை மூட வைத்தது, தென்கொரியாவுக்குக் குழுச் சுற்றுலாவை நிறுத்தியது. வீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் எழுதிவிட்டு, என்ன கருவி எவ்வளவு தூரம் பார்க்கிறது என்று எழுதாமல் விட்டால் அந்த ஒப்பந்தம் ஓராண்டு தாங்காது என்பது என் கணிப்பு.

குளச்சல் கரை:

நூலகர் சார் படையைச் சொன்னார், நான் குண்டைச் சொல்கிறேன். 2006, 2009, 2013, 2016ல் இரண்டு முறை, 2017. மொத்தம் ஆறு சோதனை, எல்லாமே புங்கே-ரி மலையில். புளூட்டோனியம் உலை இருப்பது யோங்பியோனில். வரைபடத்தில் இரண்டு இடத்தையும் வைத்துப் பாருங்கள். தெற்கின் எல்லைக்கோட்டைவிட சீன எல்லைக்குத்தான் இரண்டும் கிட்ட. பியோங்யாங்கில் ஆட்சி திடீரென்று உடைந்தால் முதலில் போய்ச் சேரக்கூடியது சீனப் படை. தென்கொரிய-அமெரிக்கக் கூட்டுப் படைக்கு முழு நாட்டையும் குறுக்கே தாண்ட வேண்டியிருக்கும்.

சீனாவுக்கு அதற்கு உரிமை உண்டா? 1961 ஜூலை 11ன் சீன-வடகொரிய ஒப்பந்தம், வெளியிலிருந்து தாக்குதல் வந்தால் ராணுவ உதவி என்கிறது. 20 ஆண்டுக்கு ஒருமுறை நீண்டு, கடைசியாக 2021ல் நீட்டப்பட்டது. உள்ளே தானாக இடிந்து விழுவதைப் பற்றி அதில் பேச்சில்லை. சரி, தெற்குக்கு உரிமை உண்டா? தென்கொரிய அரசமைப்பின் 3வது பிரிவு தீபகற்பம் முழுவதும் தன் நாடு என்கிறது. ஆனால் 1991 செப்டம்பரில் இரண்டும் தனித்தனியாக ஐ.நா. உறுப்பினர் ஆகிவிட்டன. 1950 அக்டோபரிலேயே, பிடித்த வடபகுதியில் சியோல் அரசின் ஆட்சி தானாகச் செல்லாது, ஐ.நா. படையே தற்காலிக நிர்வாகம் செய்யட்டும் என்று ஐ.நா. இடைக்காலக் குழு சொன்னது. அதனால் தெற்குக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலேயே வழக்கு வரும் பாத்துக்கிடுங்க.

குண்டைக் கைப்பற்றிய பிறகு இணைந்த கொரியா அதை வைத்துக்கொள்ளலாமா? தென்கொரியா 1975லேயே அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. வைத்துக்கொண்டால் அந்த ஒப்பந்தம் முறியும். அதைவிடப் பெரிது ஜப்பான். பிரித்தெடுத்த புளூட்டோனியம் ஜப்பான் கணக்கில் 40 டன்னுக்கு மேல் இருக்கிறது, அதில் பெரும்பகுதி பிரிட்டனிலும் பிரான்சிலும். கொரியா குண்டு வைத்துக்கொண்டால் டோக்கியோவில் அந்தப் பேச்சு நாளைக்கே எழும். இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் ஒரே அக்கறை. பேரம் தொடங்க வேண்டியது இங்கேயிருந்துதான்.

கொடுத்துவிட்டால் பதிலுக்கு என்ன உறுதி என்று கேட்பார்கள். அணு ஆயுதத்தை விட்டுக்கொடுத்ததற்காக 1994 டிசம்பரில் புடாபெஸ்ட்டில் உக்ரைனுக்குக் கொடுத்த பாதுகாப்பு உறுதிமொழி, 2014லும் 2022லும் ரஷ்யா படையெடுத்தபோது என்ன ஆனது என்று எல்லோரும் பார்த்தாயிற்று. அந்தக் காகிதத்தை மறுபடி யாரும் வாங்க மாட்டார்கள். அதனால்தான் நான் முதலில் கேட்பது, எந்த உலைக்கு எந்த நாட்டுக் குழு எத்தனை மணிக்குள் போகும் என்று பெய்ஜிங், வாஷிங்டன், சியோல் மூன்றும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கின்றனவா என்பது. இல்லையென்றால் யோங்பியோன் சாலையில் இரண்டு படை எதிரெதிரே வந்து நிற்கும். ஒன்று கவனிக்க, உலையைக் காவல் காத்தால் மட்டும் போதாது. குண்டு செய்யத் தெரிந்த ஆட்களுக்குச் சம்பளம் தொடர வேண்டும்.

நடுநிலைப் படை வைக்கலாமே என்று யாராவது கேட்டால் இந்தியக் கதையைச் சொல்லுங்கள். 1953ல் போர்க் கைதிகளுக்கான நடுநிலை நாடுகள் ஆணையத்துக்குத் தலைவர் ஜெனரல் திம்மய்யா. நம் காவல் படையின் காலடி தன் மண்ணில் படக்கூடாது என்று தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ மறுத்துவிட்டார். இஞ்சியோனில் கப்பலில் வந்து நின்றவர்களை ஹெலிகாப்டரில் தூக்கித்தான் எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள படைவிலக்குப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். நடுநிலைப் படைக்கு இறங்கும் உரிமையை முதலிலேயே வாங்க வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும்.

தக்கலை வாசகர்:

ரொம்ப நன்றி சார், அண்ணாச்சி. ஒரு சின்ன சந்தேகம். சீனாவின் பயம் அகதிகள்தான் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

வடசேரி நூலகர்:

அகதிப் பயம் உண்டு. ஆனால் அதைப் பெரிதாகப் பேசுவதால் எல்லைப் பிரச்சினை மறைந்துவிடுகிறது. சீன-வடகொரிய எல்லை சுமார் 1,400 கி.மீ. அந்தப் பக்கம் ஜிலின் மாகாணத்தில் யான்பியன் கொரியத் தன்னாட்சிப் பகுதி இருக்கிறது, அங்கே பரம்பரையாகக் கொரிய மொழி பேசும் சீனக் குடிமக்கள். பெக்டு மலை உச்சி ஏரியை 1962ல் சீனாவும் வடகொரியாவும் பங்கு போட்டுக்கொண்டன, பாதிக்குச் சற்று மேல் வடக்குக்கு. அந்த உடன்பாடு அப்போது வெளியிடப்படவே இல்லை. வடக்கை ஒரு நாடாகவே தன் அரசமைப்பில் ஏற்காத சியோல், அந்த நாடு போட்ட எல்லை உடன்பாட்டை ஏற்குமா? தெற்கில் ஒரு சாரார், ஜப்பான் 1909ல் சீனாவுக்கு விட்டுக்கொடுத்த காண்டோ பகுதியையே திருப்பிக் கேட்கிறார்கள். பழைய கோகுரியோ அரசு யாருடைய வரலாறு என்பதிலும் 2004ல் சீன-தென்கொரிய உறவு கசந்தது.

போலந்தோடு உள்ள ஓடர்-நைசே எல்லைக்கோட்டை ஏற்கிறோம் என்று ஜெர்மனி எழுதிக் கொடுத்த பிறகுதான் 1990ல் அண்டை நாடுகள் மூச்சு விட்டன. கொரியாவும் யாலு, டூமன் ஆறுகள், பெக்டு மலை வழியாகச் செல்லும் எல்லைக்கோட்டை ஏற்கிறோம் என்று இணைப்புக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு வீரரையும் நகர்த்த வேண்டாம், ஒரு காசும் செலவில்லை.

கல்குளம் ஆவணம்:

1956 ஒப்பீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வல்லரசு விஷயத்துக்கு அது பயன்படாது. நவம்பர் 1ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் மாறியபோது இரண்டு பக்கமும் ஒரே அரசமைப்பு, ஒரே ரூபாய், ஒரே ராணுவம். அதற்கு முன் போராட்டத்தில் உயிர் போனது, அதைச் சிறிதாக்கவில்லை. ஆனால் வெளிநாடு எதுவும் இதில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் நன்றாகப் பொருந்தும்: நிலம். எல்லை ஒரு ராத்திரியில் மாறியது, நிலச் சட்டம் அப்படி மாறவில்லை. திருவிதாங்கூர் காலத்துப் பதிவும் உரிமை வகையும் அப்படியே தொடர்ந்தன. ஸ்ரீபண்டாரவகை நிலங்களை, அதாவது பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய நிலங்களை, ரயத்துவாரியாக (உழவர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறையாக) மாற்றத் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது 1964ல். ஒரே நாட்டுக்குள், சண்டை சச்சரவு இல்லாத ஒரு சங்கதிக்கே எட்டு வருடம்.

இனி கொரியாவைப் பாருங்கள். 1946 மார்ச்சில் வடக்கு நிலச் சீர்திருத்தம் செய்தது, நஷ்டஈடு கிடையாது. நிலம் இழந்தவர்களில் பலர் தெற்கே ஓடிவந்தார்கள். அவர்கள் குடும்பங்களில் பழைய பத்திரம் இன்னும் பெட்டியில் இருக்கும். சியோலில் வடக்கின் ஐந்து மாகாணங்களுக்கும் பெயருக்கு ஆளுநர்களை இன்றும் நியமிக்கிறார்கள். அந்தப் பத்திரங்கள் செல்லும் என்று ஒரு வரி சட்டம் வந்தால், மூன்று தலைமுறையாக அந்த வயலில் உழுகிறவர் மறுநாள் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார். ஜெர்மனி அந்தத் தவற்றைச் செய்தது. "முதலில் திருப்பிக் கொடு, முடியாவிட்டால் நஷ்டஈடு" என்று விதி வைத்தார்கள். 20 லட்சத்துக்கும் மேல் உரிமைக் கோரிக்கை குவிந்தது, யார் சொத்து என்று தெரியாத இடத்தில் தொழிற்சாலை கட்ட யாரும் பணம் போடவில்லை. கொரியாவில் நிலத்தைத் திருப்பித் தராமல் பணமாக நஷ்டஈடு கொடுப்பதே சரி, அதையும் இணைப்புக்கு முன்பே அறிவிக்க வேண்டும்.

பணக் கணக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். மேற்கு ஜெர்மனியில் நான்கு பேருக்குக் கிழக்கில் ஒருவர். கொரியாவில் தெற்கே இரண்டு பேருக்கு வடக்கே ஒருவர். தென்கொரிய மத்திய வங்கியின் மதிப்பீட்டில் வடக்கின் தலா வருமானம் தெற்கில் சுமார் 30ல் ஒரு பங்கு. 1990 ஜூலை 1ல் கிழக்கு ஜெர்மனியின் சம்பளத்தை ஒன்றுக்கு ஒன்று மேற்கு மார்க்காக மாற்றினார்கள். உற்பத்தி அதே, சம்பளச் செலவு மட்டும் எகிறியது, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. கொரியாவில் சில ஆண்டு இரண்டு நாணயமும் தனித்தனி வேலைச் சந்தையும் வைக்காவிட்டால் இதைவிட மோசமாகும்.

இதற்கும் வல்லரசுக்கும் என்ன தொடர்பு என்றால், அந்தப் பணத்தின் ஒரு பங்கு ஜப்பானிடமிருந்து வர வேண்டியது. 1965ல் தெற்குக்கு 30 கோடி டாலர் இனாமாகவும் 20 கோடி டாலர் கடனாகவும் கொடுத்து, தன் காலனி ஆட்சிக்கான கணக்கு முடிந்தது என்றது ஜப்பான். அந்த ஆண்டின் அடிப்படை உறவு ஒப்பந்தம் சியோலைச் சட்டபூர்வ அரசு என்று ஏற்கும்போது, ஐ.நா.வின் 1948 டிசம்பர் தீர்மானம் 195ல் சொன்னபடி என்று ஒரு கொக்கி போட்டது. அந்தத் தீர்மானம் பேசுவது ஐ.நா. ஆணையம் பார்வையிட முடிந்த பகுதியை, அதாவது தெற்கை. 1948ல் அந்த ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் நம் கே.பி.எஸ். மேனன். ஆக வடக்கின் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. 2002ல் ஜப்பான் பிரதமர் கொய்சுமி பியோங்யாங் போனபோது, உறவு சீரானபின் பொருளாதார உதவி என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். இணைந்த கொரியா அந்தக் காசோலையை நீட்டும், டோக்கியோ 1965ஐக் காட்டும்.

மணவாளக்குறிச்சி மணல்:

கல்குளம் அக்கா சொன்னதோடு ஒரு துண்டு. வடக்கின் கனிமத்தை விற்றே இணைப்புச் செலவைச் சரிக்கட்டலாம் என்று வட்டத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முசானில் இரும்புத் தாது, டான்சோன் பக்கம் மேக்னசைட் நிறைய உண்டு, மறுக்கவில்லை. நம் கடற்கரை மணலே இல்மனைட், சிர்கான், மோனசைட் என்று ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகுதான் காசாகிறது. அதற்கு ஆலை வேண்டும், இடைவிடாத மின்சாரம் வேண்டும். வடக்கில் இல்லாதது அதுதான்.

ரயிலும் அப்படியே. தண்டவாள அகலம் இரண்டு பக்கமும் 1,435 மி.மீ., அதில் பிரச்சினை இல்லை. ஆனால் வடக்கின் மின்ரயில் 3,000 வோல்ட் நேர்மின்சாரம், தெற்கு 25,000 வோல்ட் மாறுமின்சாரம். சியோல் எஞ்சின் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நின்றுவிடும். டீசல் எஞ்சின் மாட்ட வேண்டும், அல்லது இரண்டிலும் ஓடும் எஞ்சின். ரஷ்யா பக்கம் அகலமே 1,520 மி.மீ. அதனால் வடகொரியாவின் ராஜினையும் ரஷ்யாவின் ஹாசனையும் இணைக்கும் பாதையை இரண்டு அகலத்துக்கும் போட்டு 2013ல் திறந்தார்கள்.

அந்த மூலையில்தான் டூமன் ஆறு கடலில் விழுகிறது. சீன எல்லை கடலுக்குச் சுமார் 15 கி.மீ. முன்பே முடிந்துவிடும். மீதி ஆறு வடகொரியாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே ஓடுகிறது, குறுக்கே தாழ்வான ஒரு ரயில் பாலம், பெரிய கப்பல் நுழையாது. சீனாவுக்குக் கிழக்குக் கடல் (ஜப்பான் கடல்) வேண்டும் என்றால் மாஸ்கோவும் ஆற்றின் தென்கரைக்காரரும் சம்மதிக்க வேண்டும். இணைப்புக்குப் பிறகு அந்தத் தென்கரைக்காரர் சியோல். பேரத்தில் கொரியாவின் கையில் இருக்கும் நல்ல சீட்டு இது.

இரணியல் சந்திப்பு:

எல்லோரும் சொன்னது சரி, ஆனால் இன்றைய நிலையைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் தேர்வில் பழைய விடையை எழுதிவிடுவார்கள். 2023 டிசம்பரில் கிம் ஜோங் உன் இணைப்புக் கொள்கையையே கைவிட்டார், இனி இரண்டு பகை நாடுகள் என்றார். 2024 தொடக்கத்தில் பியோங்யாங்கின் இணைப்பு வளைவு இடிக்கப்பட்டது. அக்டோபர் 15ல் தெற்கோடு இணைக்கும் சாலைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

ரஷ்யாவின் இடமும் மாறிவிட்டது. 1961ன் சோவியத்-வடகொரிய ஒப்பந்தம் 1996ல் காலாவதியான பிறகு மாஸ்கோவுக்கு ராணுவக் கடமை எதுவும் இல்லை. 2024 ஜூனில் புடின் போட்ட ஒப்பந்தத்தின் 4வது பிரிவு அதைத் திரும்பக் கொண்டுவந்தது, சில மாதத்தில் வடகொரிய வீரர்கள் ரஷ்யாவின் குர்ஸ்க் போர்க்களத்துக்கே போனார்கள். முன்பு பெய்ஜிங்கைச் சம்மதிக்க வைத்தால் பாதி வேலை முடிந்தது என்பார்கள். இப்போது மாஸ்கோவுக்கும் தனியாக விலை பேச வேண்டும். ஆறு தரப்புப் பேச்சில் ரஷ்யா கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலம் போய்விட்டது.

ஞாயிறு வரைபடம் மாட்டப் போகிறீர்கள் என்றால் நீளத்தை நம் ஊர்க் கணக்கில் சொல்லுங்கள், மனதில் நிற்கும். எல்லைக்கோடு சுமார் 248 கி.மீ., கன்னியாகுமரியிலிருந்து மதுரை போகிற தூரம். படைவிலக்குப் பகுதியின் அகலம் 4 கி.மீ., நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் அளவுகூட வராது. சியோலிலிருந்து கோட்டுக்கு சுமார் 50 கி.மீ., கன்னியாகுமரி முனையிலிருந்து மார்த்தாண்டம். யோங்பியோன், புங்கே-ரி, பெக்டு, டூமன் முகத்துவாரம், பியோங்டேக் ஐந்துக்கும் சிவப்புப் பொட்டு வையுங்கள். நான்கு பொட்டு கோட்டுக்கு வடக்கே விழும், பியோங்டேக் மட்டும் தெற்கே.